டெல்லியில் எங்களுக்கு இரண்டு சீட்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ஹார்டுவேர் கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி, இத்தனை மாதம் அரிசி டப்பா மேல் கிடந்தது. எழுத்து கோழி கிளறினது மாதிரி. நான்தானே படிக்கப் போகிறேன்.

ராசம்மா மதினி வந்து நாலு நாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வேலை பார்த்து ஓய்ந்தவர். அங்கிருந்து எங்கள் தீவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பலில்தான் வர வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் ஆபரேஷன் அடுத்த வாரம். முன்னால் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தும், கப்பல் டிக்கெட் கிடைக்காமல் தேதி போயே போச்சு. வலது கண்ணுக்கு இன்னொரு தடவை வர வேண்டும். மறுபடி கப்பல், மறுபடி டிக்கெட்.

(இனி மதினிக்கு 'ரா.' மட்டும். அவருக்காக இவ்வளவு மை செலவழிக்க முடியாது.)

இன்று ஆஸ்பத்திரி வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண். டெல்லியில் ஏதோ ஆராய்ச்சி அமைப்பாம். அரசாங்கத்துக்கு யோசனை எழுதிக் கொடுப்பார்களாம். தீவுக் கப்பல்களில் நோயாளிகளுக்கென்று சில பங்க் (படுக்கும் இடம்) எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று எழுதி வெப்சைட்டில் போட்டிருக்கிறார்களாம். பட்டவர்கள் அங்கே போய்த் தங்கள் அனுபவத்தை எழுதினால் அதையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். வெள்ளி சாயங்காலம் வரை நேரம். ரா. சொல்ல வாயெடுத்தார், அதற்குள் டோக்கன் நம்பர் கூப்பிட்டுவிட்டார்கள். துண்டுக் காகிதத்தில் வெப்சைட் பெயர் மட்டும் மிச்சம்.

ரா. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தார்.

"நா சொல்லுவேன். ஒண்ணு விடாம சொல்லுவேன்."

"சொல்றது இல்ல மதினி, எழுதணும்."

"நீதான் பெரிய எழுத்துக்காரியாச்சே. எழுது புள்ள."

அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்கு இந்த வேலை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. இவருக்கு ஓய்வு நாள் (வண்டூர் பஸ் டிரைவர்). மூன்று பேரும் ஒரு போனுக்குள் தலையை விட்டோம். டாலிகஞ்சில் எங்கள் வீட்டில் வாசல்படியில் மட்டும்தான் நெட் வரும். அங்கே மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவருக்கு மூச்சு வராது. நடுவில் நான்.

வெப்சைட் அழகுதான். போனே தமிழாக்கிக் கொடுத்தது. மேலே மூலையில் மூன்று கோடு. தொட்டால் பட்டியல் இறங்குகிறது.

எங்களைப் பற்றி
எங்கள் பணி
வெளியீடுகள்
நிகழ்வுகள்
வேலைவாய்ப்பு

பட்ட கஷ்டத்தை எழுதும் இடம் எது? தெரியவில்லை.

'எங்களைப் பற்றி'க்குள் போனோம். வரிசையாகப் போட்டோ. கண்ணாடிப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறேன் என்று ரா. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"இந்தப் பையன் யாரு, லட்சணமா?"

"டைரக்டராம்."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"அக்கா, நாம மாப்ள பாக்க வரல," என்றார் இவர்.

தேடுகிற பெட்டியில் ஷிப் என்று போட்டுப் பார்த்தோம். லீடர்ஷிப் வந்தது. இன்டர்ன்ஷிப் வந்தது. கடலில் போகிறது ஒன்றுகூட வரவில்லை. "மெயின்லேண்ட்காரனுக்குக் கப்பல் எங்க ஞாபகம் வரும்" என்று இவருக்கு வருத்தம்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெட்டி குதித்து வந்து மெயில் ஐடி கேட்கிறது. இவர் ஒவ்வொரு தடவையும் கொடுத்தார். ஏழு தடவை.

"எதுக்குங்க?"

"கேக்குறான்ல. மரியாதைக்குக் குடுக்கணும்."

எங்கள் கல்யாணமும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்: கேட்டார்கள், மரியாதைக்குத் தலையாட்டிவிட்டார்.

ஜூன் 11, புதன்

நான் வேலை பார்க்கும் ஸ்கூல் சமையலில் சாம்பாருக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். ரா. நினைப்புதான் காரணம் என்று அவர் மேல் பழி போட்டாச்சு.

மூன்று மணிக்கு மறுபடி வாசல்படி. இவர் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு நேரே வந்தார். 'நிகழ்வுகள்' என்ற இடத்தில் கிடைத்தது! தீவுக் கப்பல்கள் பற்றிக் கலந்துரையாடல். பக்கத்தில் சிவப்பு எழுத்து: இருக்கைகள் குறைவு, உடனே பதிவு செய்யவும்.

இந்த ஊரில் சீட் குறைவு என்று பார்த்துவிட்டால் மூளை வேலை செய்யாது, விரல்தான் வேலை செய்யும். கப்பல் டிக்கெட் எந்த நிமிஷம் திறக்கும் என்று காத்துக் கிடந்து பழகிய விரல்.

"போடு போடு, போயிரும்!" என்று இவர் கத்துகிறார்.

"ரெண்டா போடு புள்ள, தொணைக்கு ஆளு வேணும்ல!" என்று ரா.

போட்டேன். பெயர், ராசம்மா. நிறுவனம்? வீடு. பதவி? அக்கா. அடுத்தது புஷ்பம், நான்தான். பதவி, தம்பி பொண்டாட்டி. உணவு சைவமா அசைவமா? மீன் உண்டா என்று கேட்கச் சொன்னார் ரா. கேட்க இடமில்லை. அசைவம்.

உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. மூன்று பேரும் கைதட்டினோம். இவர் ஓடிப்போய்ப் பக்கோடா வாங்கி வந்தார்.

பாதி பக்கோடாவில் மெயில். கூட்டம் டெல்லியில். அடுத்த வாரம். நேரில் வர வேண்டும். மதியச் சாப்பாடு உண்டு.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மதினி, டெல்லிக்கு எந்தக் கப்பல் ஜெட்டியில ஏறணும்?"

ரா. சிரிக்கவில்லை. பக்கோடாவைத் தட்டில் வைத்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

மேகம், மழை இல்லை. ரா. காலை டீயைத் தொடவில்லை. எனக்குப் பயம், காய்ச்சல் வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகுமே. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"அந்த ரெண்டு சீட்டையும் திருப்பிக் குடு."

"யாரு கேக்கப் போறா மதினி? விடுங்க."

"அன்னிக்கி என்னைய ஜெட்டியில நிக்க வச்சிட்டுக் கப்பலு போச்சுல்ல. ஃபுல்லுன்னாங்க. அதுல போன வாத்தியாரு பொறவு வந்து சொல்றாரு, ரெண்டு பங்க் சும்மா கெடந்துச்சுன்னு. எவனோ எடுத்துப் போட்டுட்டு வரல. இப்ப அந்த எவனோ நாமதான்."

கிண்டலை விட்டுவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினேன்.

ஸ்கூல் முடிந்து வந்து, ரத்து செய்யும் பொத்தானைத் தேடினேன். மெயிலில் இல்லை. நிகழ்வுகளில் இல்லை. தேடித் தேடிக் கட்டைவிரல் வலி. கடைசியில் பக்கத்தின் அடிவரை இழுத்துக்கொண்டே போனால், கால்மாட்டில் எறும்பு எழுத்தில் போன் நம்பர். முக்கியமானதையெல்லாம் அடியில் வைக்கிறார்கள். நான் பீரோவில் செய்வதுதான்.

அடித்தேன். ஆபீஸ் மூடியாச்சு.

இன்னும் ஒரு நாள்தான். ரா. கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காற்று. நெட் வருது, போகுது. இன்று ஸ்கூலுக்கு லீவு சொன்னேன். இவர் டியூட்டி.

பத்து மணிக்கு டெல்லி போனை எடுத்தது. பெண் குரல், ஹிந்தி. நான் ஆரம்பிப்பதற்குள், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை ரா. பிடுங்கிக்கொண்டார். அவருடைய ஹிந்தி, தோட்டத்தில் ராஞ்சிக்காரர்களோடும் பெங்காலிகளோடும் பேசிப் பழகிய ஹிந்தி. இலக்கணம் கிடையாது, சத்தம் உண்டு. இரண்டு சீட் எடுத்துவிட்டோம், வர முடியாது, வேறு யாருக்காவது கொடு என்றார்.

பரவாயில்லை ஆண்ட்டி, வராவிட்டால் ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் சிரித்தது.

ரா.வுக்கு வந்ததே கோபம். எப்படி ஒன்றுமில்லை? என்று பிடித்துக்கொண்டார். ஜெட்டி. பிளாஸ்டிக் பையில் ஆஸ்பத்திரிக் காகிதம். பெயர் லிஸ்ட்டில் இல்லை என்று சொன்ன ஆள். சும்மா போன இரண்டு பங்க். அடுத்த கப்பல் வருவதற்குள் தாண்டிப்போன தேதி. போன வருஷம் நூல் கோத்த கண், இந்த வருஷம் தம்பி முகமே மங்கல். எல்லாம் சொன்னார். ஒண்ணு விடாமல்.



பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டது. இதையே எழுதிக்கொள்ளட்டுமா ஆண்ட்டி? இன்றுதான் கடைசி நாள். உங்கள் பெயரிலேயே நான் சேர்க்கிறேன்.

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. முடித்துவிட்டு வாசித்துக் காட்டியது. படித்தவர்கள் ஹிந்தி, ரா.வுக்குப் பாதி புரியவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையைத் தூக்கினார்.

"இப்ப என்ன சொல்லிச்சு அந்தப் புள்ள?"

"ஜெட்டியில உக்காந்து அழுதீங்கன்னு."

"நா எங்க அப்பிடிச் சொன்னேன்? அதுவா சேத்துக்கிச்சா? எடுக்கச் சொல்லு. நா அழல. கோவம். கோவம்னு போடச் சொல்லு."

கப்பல் விட்டுப் போன அன்று ஜெட்டியிலிருந்து ரா. எனக்குத்தான் போன் செய்தார். பேச்சு வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும், பின்னால் கப்பல் சங்கு. இத்தனை வருஷத்தில் ரா.வை நான் கிண்டல் பண்ணாமல் விட்டது அந்த ஒன்றுதான். இவருக்குக்கூடச் சொன்னதில்லை.

போனை வாங்கினேன்.

"ரோயா நஹி," அழவில்லை என்றேன். "குஸ்ஸா. பஹுத் குஸ்ஸா லிக்கோ." கோபம், ரொம்பக் கோபம் என்று எழுதச் சொன்னேன்.

"லிக் தியா, ஆண்ட்டி." எழுதியாச்சாம்.

ரா. தலையை ஆட்டினார். வாசலில் மீன்காரர் சத்தம், போக வேண்டும்.