பொன்கோட்டுச் சதுரம்

இன்று விபூதிப் புதன். காலைப் பூசையில் பூசிய நெற்றிச் சாம்பலைத் துடைக்காமலே வேலைக்குப் போனேன். வரவேற்பில் இருக்கும் குஜராத்திப் பெண், ஏதோ அழுக்கு என்று நினைத்து டிஷ்யூ நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மத்தியானம் லீவு போட்டுக்கொண்டு அந்த நூலகத்துக்குப் போனேன். அன்று நீ காட்டிய புத்தகம் அதே கண்ணாடிப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டார்கள். வெளிச்சம் பட்டு நிறம் போகாமல் இருக்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை புரட்டுவார்களாம். நீ விரல் வைத்த சதுரம் இப்போது உள்ளே மூடிக் கிடக்கிறது.

மன்னாரில் நாம் இருவரும் ஒரே வருடம்தான் கத்தோலிக்கக் குருமடத்தில் சேர்ந்தோம். நான் லத்தீனுக்குப் பயந்து ஆறாம் மாதமே ஓடிவந்தவன். நீ தர்க்கம், மெய்யியல் எல்லாம் படித்து, உன் அண்ணனை ஆமி பிடித்துக்கொண்டு போன பிறகுதான் வெளியே வந்தாய். வருடங்கள் கழித்துக் கிழக்கு லண்டனில் ஒரே அறையில் மறுபடி சேர்ந்தோம். அப்டன் பார்க்கில், புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சட்டத்தரணியிடம் நான் மொழிபெயர்ப்பாளன். உன் அகதி விண்ணப்பத்தை எழுதியதும் நான்தான்.

"அண்ணையை எப்ப பிடிச்சவங்கள்?" என்று கேட்டேன்.

"விபூதிப் புதனுக்கு அடுத்த நாள்," என்றாய்.

படிவத்துக்குத் திகதி வேண்டும். சுவரில் பங்குக் கோயில் கலண்டர் தொங்கியது. அதைப் பார்த்து எழுதிவிட்டேன். விபூதிப் புதன் வருடத்துக்கு வருடம் மாறும் என்பது பூசைக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள், எனக்கு அவசரம். பல வருடங்களுக்கு முந்திய ஒரு நாளை, சுவரில் தொங்கிய நடப்பு வருடக் கலண்டரில் தேடி எழுதினேன். உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. "நீ எழுதினால் சரி மச்சான்," என்று நீ எழுந்துவிட்டாய். சரியான மொழிபெயர்ப்பு என்று கீழே கையெழுத்தும் போட்டேன்.

குடிவரவு அதிகாரிகளின் நேர்காணலில் நீ உண்மையான திகதியைச் சொன்னாய். மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டு திகதிகளும் முரண்படுகின்றன, ஆகவே நீ சொன்ன எதையும் நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"இந்தத் திகதி எங்கையிருந்தடா வந்தது?" என்று கேட்டாய்.

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. என்னுடைய வதிவிட அனுமதிப் பேப்பர்களும் அப்போது அதே சட்டத்தரணியின் மேசையில்தான் கிடந்தன. வேலை போனால் அதுவும் போய்விடும் என்று பயந்தேன். "நீ சொன்னதைத்தான் எழுதினனான்," என்றேன். சட்டத்தரணி கேட்டபோதும் அதே பதில்தான்.

நீ கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். "அப்ப நான்தான் மாறிச் சொல்லியிருப்பன்."

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். கன்றுத் தோலில் எழுதிய பழைய லத்தீன் தர்க்க நூல். முதலெழுத்துக்குள் பிரம்போடு ஒரு வாத்தியார், ஓரத்தில் ஒரு முயல், பக்கத்தின் நடுவில் பொன் பூசிய கோடுகளால் ஒரு சதுரம். நீ கண்ணாடியில் விரலை வைத்தாய்.

"இஞ்ச பார். மேல் மூலை, ஒண்டும் உண்மையில்லை. அதுக்கு நேர கீழ் மூலை, சிலது உண்மையில்லை. மேலையிருந்து கீழை இறங்கலாம். கீழையிருந்து மேலை ஏற ஏலாது. முதல் வருசப் பாடம் மச்சான். கடிதம் எழுதினவர் ஒரு பிழையை வைச்சு எல்லாம் பொய் எண்டு ஏறியிருக்கிறார்." காவலாளி முறைத்தார். நீ சிரித்தபடி விரலை எடுத்தாய். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆனா அந்த ஒரு பிழை என்ர வாயால எப்பிடி வந்தது எண்டுதான் விளங்கேல்லை. அண்ணையின்ர நாளை நான் மறப்பனே?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "வா, தேத்தண்ணி குடிப்பம்," என்றேன். கோழை நான்.

மேன்முறையீட்டில் முதல் திகதி உன் பிழை என்று நீயே எழுந்து நின்று சொன்னாய். நான் பின்வரிசையில் இருந்தேன். வழக்குத் தோற்றது. ஊரில் சமாதான ஒப்பந்தம் முறிந்த வருடம் உன்னை விமானத்தில் திருப்பி ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் மாதம் மன்னாரிலிருந்து பங்குச் சுவாமி போனில் சொன்னார். கடைக்குப் போன உன்னை யாரோ வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். நாலாம் நாள் கடற்கரையில் உடம்பு கிடைத்ததாம். என் வதிவிட அனுமதி அதற்கு முந்திய கிழமைதான் வந்திருந்தது. அதற்காகக் கோழி வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டிருந்தேன்.

இப்போது யாராவது ஒரு திருநாளின் பெயரைச் சொன்னால், அந்த வருடத்துக் கலண்டரைத் தேடிப் பிடிக்காமல் பேனாவைத் தொடுவதில்லை. எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டுகிறேன். சரியான கவனமான ஆள் என்று சட்டத்தரணி புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

உன் அம்மா ஒவ்வொரு வருடமும் விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் எனக்குப் போன் எடுப்பா. முன்பு அண்ணைக்கு மட்டும் வைத்த பூசை, இப்போது இரண்டு பேருக்கும். என் சுகம், வேலை, லண்டன் குளிர் எல்லாம் விசாரித்துவிட்டு, போனை வைக்கப் போகும்போது அதே கேள்வியைக் கேட்பா. "என்ர பிள்ளை ஏன் தம்பி திகதியை மாத்திச் சொன்னவன்? அவனுக்கு நல்ல ஞாபகமெல்லே."

"பதட்டத்தில சொல்லியிருப்பான் அம்மா," என்பேன்.

நாளைக்கு வியாழன். பூசை முடிந்ததும் அம்மா போன் எடுப்பா.