கண்ணுக்குள் மிதந்த நூல்

பிப்ரவரி 3
கப்பலிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் எப்படி? கேட்டால், "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய்.

கப்பல் ஏறுமுன் எடுத்த பரிசோதனையில் எனக்கும் சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்கிறதாம். "இப்பவே பார்த்துக்கிட்டா மாத்திரை இல்லாமலே ஓட்டலாம்" என்றார் டாக்டர். சமையல்காரன் வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் பார்! தட்டில் பாதி காய், சோறு ஒரு கரண்டி. சாப்பிட்டதும் மேல்தளத்தில் நடக்கிறேன். "சமையல்காரரே, கரைக்கே நடந்து போயிடுவீங்க போல" என்று மாலுமிகள் கிண்டல் செய்கிறார்கள்.

உனக்குச் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆயிற்றே, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கிறாயா?

உன் தம்பி

மார்ச் 11

என் செல்லத் தம்பிக்கு,

நீ நடப்பதைப் படித்து மாமாவும் நானும் சிரித்தோம். நான் எங்கே நடக்க? கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவில் துணிமூட்டை. பள்ளிச் சீருடை தைக்கும் நேரம். மதியச் சாப்பாடே டீயும் பிஸ்கட்டும்தான். மாத்திரையை நிறுத்திவிட்டேன், கோபப்படாதே. வலி இல்லை, மயக்கம் இல்லை. நன்றாக இருக்கிற உடம்புக்கு எதற்கு மருந்து? மாமா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைத் துணி தைக்கும்போது அதன்மேல் கறுப்பு நூல் கிடப்பது போலத் தெரிகிறது. தட்டிவிட்டாலும் போவதில்லை. கண்ணை நகர்த்தினால் அதுவும் நகர்கிறது. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

துறைமுகத்தில் உன் கடிதம் கிடைத்ததுமே போன் செய்தேன். "சரிடா, சரிடா" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

அது நூல் இல்லை, கண்ணுக்குள் கசியும் ரத்தமாக இருக்கலாம். எங்கள் இன்ஜினியருக்கும் சர்க்கரை, இப்படித்தான் ஆரம்பித்தது. உடனே போனதால் லேசர் வைத்து நிறுத்தினார்கள். சர்க்கரை வலிக்காமலே கெடுக்கும் என்கிறார்.

சீருடை காத்திருக்கட்டும். நாளைக்கே மாமாவோடு கண் டாக்டரிடம் போ. எனக்குக் கோபமில்லை அக்கா, பயமாக இருக்கிறது.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

கையெழுத்து மாமாவுடையது, பேச்சு என்னுடையது.

சீருடையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். ஒருநாள் காலையில் எழுந்தால், வலது கண்ணில் திரை விழுந்திருந்தது. டாக்டர் திட்டவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். இடது கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தைக் காப்பாற்ற லேசர் வைத்திருக்கிறார்கள். ஆள் நிழலாகத் தெரிகிறது. எழுத்து தெரியவில்லை.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. மாலையில் மாமா என் கையைப் பிடித்துத் தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப்போகிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படி நடந்ததில்லை. மெஷினை விற்றுவிடச் சொன்னேன். காதில் விழாத மாதிரி இருக்கிறார்.

நீ நடப்பதை விடாதே. வருஷா வருஷம் கண்ணைக் காட்டு.

உன் கடிதங்களை மாமாதான் படித்துக் காட்டுகிறார். நல்ல மனுஷன். ஆனால் உன் கிண்டலை அவர் குரலில் கேட்டால் இழவுச் செய்தி மாதிரி இருக்கிறது. இனி எழுதாதே.

நிழலாவது தெரியும்போதே வந்து என் எதிரில் உட்கார்.

அக்கா