மறைக்க வைத்த பொட்டு

பிள்ளைப்பாக்கம்
22.1.2012

அன்பு மகள் அறிவுமதிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். சண்டிகர் குளிர் உன்னை அதிகம் வாட்டாமல் வல்லக்கோட்டை முருகன் பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசினால் நீ வார்டில் இருப்பாயோ என்று பாதியை விழுங்கிவிடுகிறேன், அதனால் இந்தக் கடிதம்.

நம் முன்னறையில் குடியிருக்கும் பூமாரி, ஒரகடம் கம்பெனியில் பாகம் பூட்டும் லைனில் நிற்கும் திருநெல்வேலிப் பெண், நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுந்து, பேசிய சம்பந்தம் முறிந்துவிடும் என்று ஆடியில் அழுதாளே, தோல் டாக்டருக்குப் படிக்கிறவள் நீ என்று அம்மா உனக்குப் போன் செய்தாள். ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்திலா, அதே வட்டமா என்று கேட்டாய். அம்மாவுக்குக் கண் மங்கல், நான்தான் பார்க்கவேண்டும். வயதுப் பெண்ணை எப்படி உற்றுப் பார்ப்பது என்று தயங்கினேன். டாக்டர் பொண்ணப் பெத்துக்கினு நெத்தியப் பாக்க இன்னாய்யா வெக்கம் என்று அம்மா சிரித்தாள். பார்த்தேன், அதே வட்டம். அதை மறைக்க அவள் இன்னும் பெரிய பொட்டாக ஒட்ட ஒட்ட, வெள்ளையும் கூடவே வளர்ந்திருக்கிறது. பசைதான் காரணமாக இருக்கும், நிறுத்திவிட்டு சென்னையில் பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள் என்றாய். அங்கேயும் அதையே சொல்லி மருந்து கொடுத்தார்கள். கண்ணால் பாராமல் ஒரே கேள்வியில் நீ பிடித்துவிட்டதை நினைத்து நினைத்து வியக்கிறேன் மகளே.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று எனக்குத்தான் பயம். இன்று மட்டும் ஒரு பொட்டு ஒட்டிக்கொள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். வேண்டாம்யா, மறைச்சாத்தான் வளருதுன்னு டாக்டரக்கா சொல்லிட்டாவ என்று வெறும் நெற்றியோடு போய் நின்றாள். மாப்பிள்ளையின் தாய், இது என்னட்டி கோலம் என்றார். அவள் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் எழுந்துபோய், தம் பொட்டை உரித்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து, எனக்கு ஒண்ணுமில்ல, பசை செஞ்ச வேலைக்குப் பிள்ள என்ன செய்யும், தேதியக் குறிங்க என்றார். மாசியில் கல்யாணம். வெள்ளைக்குள் மிளகு தூவியதுபோல் பழைய நிறம் புள்ளி புள்ளியாகத் திரும்புகிறது.

டெல்லி அழகு கிளினிக்கில் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் தொழிலுக்கு வழிசொல்லும் தகுதி எனக்கு உண்டா, தெரியவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் மருந்துக்கு முன் கேள்வியைக் கேள். கையுறை போட்டால் கை அரிக்கிறது என்று பூமாரியோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் வந்து, டாக்டரக்கா எப்ப வருவாங்க என்று விசாரித்துப் போனார்கள்.

உன் கைராசி பெருகட்டும், நீடூழி வாழ்க. வேளைக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. மாசியோடு முன்னறை காலியாகிறது. வாடகைக்கு விடப்படும் என்று அட்டை எழுதி வைத்திருக்கிறேன், மாட்டத்தான் கை வரவில்லை. உன்னை வா என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு உன் பிரியமுள்ள அப்பா,
கோபால்