ஓடுபாதையில் ஒரு தகடு

மார்ச் 3, செவ்வாய்

அக்கா மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். மாதக் கடைசியில் அவள் மகளுக்குப் பிரசவம். பஸ்ஸில் போனால் இரண்டு நாள். அவள் முழங்காலுக்கு ஆகாது. விமானத்தில் போனால் சாப்பிட்டது செரிப்பதற்குள் இறங்கிவிடலாம். ஆனால் விமானம் என்றாலே மகாராணிக்கு உதறல்.

“தரையில இருக்கிற வரைக்கும்தான்டி நான் மனுஷி.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் விமான நிலைய ஓடுபாதையைத் தினமும் ஜீப்பில் போய்ச் சோதிக்கிறவளே நான்தான். ஊரே நம்பி ஏறுகிறது, கூடப் பிறந்தவளுக்கு நம்பிக்கை இல்லை.

மார்ச் 5, வியாழன்

வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்விமேல் கேள்வி. “ஒண்ணு வரும்போது இன்னொண்ணு குறுக்க வந்தா?”

சமையல் மேடையில் விரலால் வரைந்து காட்டினேன். ஓடுபாதைக்கு முன்னால் மஞ்சள் கோடு உண்டு. விமானமோ என் ஜீப்போ, டவர் எனும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி இல்லாமல் அதைத் தாண்டக்கூடாது. டவர் சொன்னதை நாங்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததா என்பதற்காக இல்லை, சரியாக விழுந்ததா என்பதற்காக. அனுமதி இல்லாமல் தாண்டினால் அதற்கு ‘ரன்வே இன்கர்ஷன்’ என்று பெயர். ஒன்றுமே ஆகாவிட்டாலும் விசாரணை உண்டு.

“என் ரூம் வாசல்லயும் அப்படி ஒரு கோடு போடணும். கேக்காம உள்ள வர்ற” என்றாள்.

பிறகு ‘எஃப்.ஓ.டி.’ ஓடுபாதையில் இருக்கக்கூடாத எதற்கும் அதுதான் பெயர். ஆணி, கல், பெட்டிச் சக்கரம், எதுவானாலும். எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும், டயர் கிழியும். அதைத் தேடி எடுப்பதுதான் என் பிழைப்பு.

“அப்போ நீ குப்பை பொறுக்குறவ.”

“ஆமா. நான் பொறுக்குறதாலதான் பிளேன் பறக்குது.”

உரித்த தோலை அள்ளிக் குப்பையில் போட்டாள். அப்புறம் சொன்னாள்: “நீ பாத்துட்டுப் போகலாம்னு சொன்னா ஏறுறேன்.”

அப்பாடா!

மார்ச் 9, திங்கள்

டிக்கெட் போட்டாயிற்று. அக்கா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் புரள்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

பதற்றம் இன்னும் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

காலையில் விமான நிலைய வாசலில் அக்கா என் கையை விடவே இல்லை. பிய்த்துக்கொண்டு ஓடி, ஜீப்பை எடுத்து, ஓடுபாதையை முழுக்கப் பார்த்து, எதுவும் இல்லை என்று டவருக்குச் சொன்னேன். அக்காவுக்கும் போன் போட்டேன். “பாத்துட்டேன். போகலாம்.”

அவள் விமானம் கிளம்பியது. அடுத்த சுற்றுக்குப் போனேன். ஓடுபாதை நடுவில் ஒரு இரும்புத் தகடு. உள்ளங்கை அகலம், ஒரு ஓரம் பிய்ந்திருந்தது.

இடையில் போனது அக்காவின் விமானம் ஒன்றுதான்.

டவருக்குச் சொன்னேன். ஓடுபாதையை மூடினார்கள். விமானிக்கும் செய்தி போனது. தகட்டைப் படம் எடுத்து அனுப்பியதற்கு, “எங்க பாகம் மாதிரி தெரியல, ஆனா உறுதியா சொல்ல முடியாது” என்றார் விமான இன்ஜினீயர். இறங்கும் இடத்தில் தீயணைப்பு வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம்.

ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். ஐயோ, நான்தானே ஏத்தி விட்டேன்! வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டாளே, கேட்டேனா? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?

கடைசியில் டவர்க்காரர் குரல். “இறங்கிடுச்சு. டயர்ல ஒரு கீறல்கூட இல்ல.”

ஓவென்று அழுதுவிட்டேன்.

“பொத்தானை விடுங்கம்மா, எல்லாருக்கும் கேக்குது” என்றார். ஒலிவாங்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டே அழுதிருக்கிறேன். மானம் போனால் போகட்டும்.

பிறகு அக்காவே போன் செய்தாள். “ஏன்டி, பிளேன்னா இவ்ளோதானா? ரெண்டு பக்கமும் சிவப்பு வண்டி நிறுத்தி வரவேற்றாங்க! எவ்ளோ மரியாதை!”

“ஆமாக்கா” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

அக்கா போன விமானத்தை அங்கேயே நிறுத்திவைத்து அடிவயிறு வரை தேடுகிறார்கள். எங்கும் எதுவும் காணாமல் போகவில்லை. அப்படியானால் தகடு எங்கிருந்து?

எங்கள் மெக்கானிக் அதைக் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், போய் என் ஜீப்பின் பின்சக்கரத்தடியில் குனிந்தார்.

“அம்மா... இது உங்க வண்டியோட மட்கார்டைப் பிடிக்கிற தகடு.”

ஓடுபாதைக்குள் போகும் முன் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, அடியில் பார்க்க வேண்டும். நேற்று அவசரத்தில் நான் குனியவில்லை. குப்பை தேடப் போனவளே குப்பையைப் போட்டுவிட்டு வந்து, அக்காவிடம் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் விமானம் அதன் பக்கத்தில்தான் ஓடியிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

“யாருக்கும் தெரியாது. வேற ஒண்ணு மாட்டிடுறேன்” என்றார் மெக்கானிக். நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அங்கே அந்த விமானத்தை இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்களே?

நேராகப் போய் ரன்வே பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

ஓடுபாதையில் வண்டி ஓட்டும் அனுமதி தற்காலிகமாகப் பறிபோனது. திரும்பத் தேர்வு எழுத வேண்டும். வேலை போகவில்லை!

அதிகாரி சிரிக்காமல்தான் சொன்னார்: “நீங்க சொன்னதாலதான் மத்த ஜீப்புங்களையும் பாத்தோம். இன்னொண்ணுலயும் அதே தகடு துருப்பிடிச்சுத் தொங்குது.”

வெளியே வந்ததும் பசித்தது. மூன்று நாளாக இல்லாத பசி.

மார்ச் 19, வியாழன்

அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால்தான் என்ன?

மார்ச் 22, ஞாயிறு

பெண் குழந்தை! தாயும் சேயும் சுகம். அக்கா போனில் சிரிக்கிறாள், அழுகிறாள், இரண்டும் சேர்ந்தே வருகிறது. பிரசவ அறைக்குள் போகும்வரை மகள் அவள் கையை விடவே இல்லையாம். பஸ்ஸில் வந்திருந்தால் முழங்கால் வீங்கிப் படுத்திருப்பேன் என்றாள்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில் போய்ச் சொல்லிவிட்டேன். தகடு, என் ஜீப், நான் குனியாதது, ஒன்றுவிடாமல் எல்லாம். மறுமுனையில் குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது.

“அக்கா?”

“இருக்கேன்டி. நீ சொல்லலேன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“உங்க ஆபீஸ்ல?”

“அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.”

திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“இங்க மாப்பிள்ளை திரும்பிப் போறதுக்கு பஸ்ல டிக்கெட் பாக்கட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம்னு சொல்லிடுறேன். நீ பிளேன்லயே போடு.”