குடிக்காதவனின் தள்ளாட்டம்

மாமா,

இன்று பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்குக் கயிறு வாங்கப் போனேன். ஈரத் தேங்காய் நாரின் வாடை மூக்கில் ஏறியதும், ஆடும் கப்பலில் நிற்பவன் போலக் கால்களை அகட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கடைக்காரர் சிரித்தார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்து உடம்பே கூசிப்போனது.

சரக்குக் கப்பல் வேலையிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்த கையோடு, பெண் பார்க்கத் தொண்டாமுத்தூரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மதுவிலக்கு இருந்த காலம். கப்பலை விட்டு இறங்கியும் எனக்குத் தரை ஆடிக்கொண்டேதான் இருந்தது. நீங்கள் நீட்டிய தண்ணீர்ச் செம்பு என் கையிலிருந்து நழுவி உங்கள் அண்ணன் காலில் விழுந்தது.

"பட்டப்பகல்லயே போட்டுக்கிட்டு வந்திருக்கறாருங்க மாப்பிள்ளை" என்றார் அவர்.

"ஆமாங்க, கொஞ்சம்" என்றேன் நான்.

நீங்கள் என்னைத் தோப்புப் பக்கம் கூட்டிப்போனீர்கள். "ஏனுங்க மாப்பிள்ளை, வாய்ல வாசமே இல்லீங்களே. குடிகாரன்னு பேர் வாங்கறதுக்கு அத்தனை ஆசைங்களா?"

அப்போதுதான் சொன்னேன். கப்பலில் உடம்புக்கு ஓய்வே கிடையாது. உருண்டு விழாமல் இருக்கத் தூக்கத்தில்கூடத் தொடையும் இடுப்பும் இறுகியே கிடக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே பாதித் தெம்பு போயிருக்கும். அலை கப்பலைத் தூக்கும்போது கையிலிருக்கும் கயிறு இரண்டு மடங்கு கனக்கும். அப்படி ஒரு நாள், இரும்புக் கப்பி ஒன்றைக் கயிற்றில் இறக்கும்போது என் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. கீழே நின்றவன் மயிரிழையில் தப்பினான். குடித்தாயா என்று மேஸ்திரி கத்தினார். ஆமாம் என்றுவிட்டேன். குடித்தவனைத் திட்டிவிட்டு வைத்துக்கொள்வார்கள். வலுவில்லாதவனை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அதைவிட, கையில் வலுவில்லாத ஆம்பளை என்று நாலு பேர் சொல்வதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

நீங்கள் திட்டவில்லை. "கை விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சுன்னு கத்துங்க. கீழ நிக்கறவனாச்சும் தள்ளி நிப்பானுங்க" என்றீர்கள். பெண்ணையும் கொடுத்தீர்கள். அதன்பிறகு கப்பலில் நான் வெட்கப்படாமல் கத்தினேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவே அது சுலபமாகத்தான் இருந்தது.

நீங்கள் இறப்பதற்கு முந்தின நாள்தான் கப்பலிலிருந்து ஊர் வந்து சேர்ந்திருந்தேன். மருமகன் தோள் கொடுக்க வேண்டும் என்று உங்கள் அண்ணன் கூப்பிட்டார். பாடை மூங்கிலைப் பிடித்தேன், விரல்கள் மடங்கவில்லை. சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் வலு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"மன்னிச்சுக்கங்க பெரிய மாமா, கொஞ்சம் போட்டுட்டேனுங்க" என்றேன்.

என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு வேறு யாரோ தோள் கொடுத்தார்கள். நான் ஒரு சொட்டும் தொடாதவன் என்று உங்கள் மகளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை உங்களுக்காகவா, என்னால் வந்த அவமானத்திலா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை, மாமா.