ஜெபம் சொன்ன கிராமபோன்

கொழும்பு, 4-8-1934

கர்த்தருக்குள் பிரியமான ஞானப்பூவுக்கு மாசிலாமணி எழுதுவது. நான் சுகம். உன் முட்டுவலியை மறைக்காமல் எழுது.

அருமனை வாலிபர் சங்கத்துக்குக் கிராமபோன் வேண்டுமென்று நம் மகன் நவமணி கேட்டதாக எழுதியிருந்தாய். போன ஞாயிறு இங்குள்ள வாலிபர் கூட்டத்தில் கண்டதைக் கேள். ஜெப நேரத்தில், யாரோ ஒரு போதகரின் ஜெபம் பதிந்த தட்டைக் கிராமபோனில் சுழலவிட்டு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஊசி சிக்கி, "எங்களை மன்னியும், எங்களை மன்னியும்" என்றே பெட்டி கதறியது. ஒருவனும் கண் திறக்கவில்லை. நான்தான் எழுந்து ஊசியைத் தூக்கினேன்.

"என்ன அண்ணாச்சி, ஜெபத்துக்க இடையில கை வச்சிட்டீரே?" என்று செயலாளர் ஜெபதாஸ் முறைத்தான்.

"ஏலே, உனக்கு வாய் இல்லியா? மிச்சத்த நீ ஜெபி" என்றேன். அவன் ஊசியைத் திரும்பத் தட்டில் வைக்கப் போனான். முப்பது பேரில் ஒருவனும் ஜெபிக்க முன்வரவில்லை. வெட்கங்கெட்ட கூட்டம்.

பெட்டி நல்ல சரக்குதான், பாட்டுப் பழக உதவும். அதனால் வாங்கி அனுப்புகிறேன். வேத வாசிப்பும் ஜெபமும் பிள்ளைகள் வாயால்தான் நடக்க வேண்டும் என்று நவமணியிடம் கண்டிப்பாய்ச் சொல்.

ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கருப்பட்டி கொடுத்துவிடு. இங்கே தனியாக ஜெபிக்கிறேன், ஆமென் சொல்ல ஆளில்லை. வீட்டு ஜெபத்தில் எனக்கும் சேர்த்து ஒரு ஆமென் சொல்லுங்கள். தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

மாசிலாமணி