கோமதியின் உடம்புச் சூடு

8 ஜனவரி 2001, திங்கள்
பனிமூட்டம். பஸ் வரவே இல்லை, ஆட்டோ. ஏழாம் வகுப்புக்கு முதுகெலும்பிகள் ஆரம்பம். மீன், தவளை, பல்லி: வெளியே குளிர்ந்தால் உடம்பும் குளிரும். பறவை, பாலூட்டி: வெளியே எப்படி இருந்தாலும் சூடு மாறாது. கை விறைத்து போர்டில் எழுத்தெல்லாம் கோணல்.

முதல் பெஞ்ச் கவிதா: "சார், பொறந்த உடனேயேவா? பச்சா, குட்டி கூடவா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

மனைவி செல்விக்கு வெள்ளியன்று பெண் குழந்தை. எட்டாம் மாதத்திலேயே. ஆஸ்பத்திரியில் வார்மர் விளக்கின் கீழ் கிடக்கிறது. வெளியே எடுத்தால் சில்லிட்டுப் போகிறது. கையில் சீட்டு: 'செல்வி குழந்தை'.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்காவுக்குப் போன். "எட்டாம் மாசத்துப் பிள்ளைலே. வீட்டுக்கு வாரதுக்கு முந்தி பேரு கீரு வச்சிராத. புதுத்துணியும் வாங்காத." பிழைக்காது என்று நினைக்கிறாள். எனக்கும் அதே பயம்தான்.

9, செவ்வாய்
கங்காரு நடத்தினேன். குட்டி அரைகுறையாகப் பிறக்கும், மீதி வளர்ச்சி தாயின் பையில். படம் எலி மாதிரி வந்துவிட்டது, ஒரே சிரிப்பு. கவிதா கேள்வியை விடவில்லை. மறுபடி மழுப்பல்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் வாங்க: புழுங்கலரிசி, பூண்டு, பெருங்காயம்.

10, புதன்
செல்விக்குக் காய்ச்சல். குழந்தையைத் தொடக் கூடாதாம். வார்மர் இன்னொரு குழந்தைக்கு வேண்டுமாம். மலையாளி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "அப்பாவே போதும். ஸ்வெட்டர், சட்டை, பனியன் எல்லாம் கழட்டுங்க சார். கங்காரு போல நெஞ்சோட வெச்சுக்கணும்."

வார்டு நிறையப் பெண்கள். தயங்கி நின்றேன். என்ன வெட்கம் என்று பக்கத்துக் கட்டில் பஞ்சாபி அம்மா அதட்டினார்: "ஷரம் கைஸா, பையா? ஜல்தி!"

நெஞ்சில் வைத்தார்கள். தவளை மாதிரி சில்லென்று இருந்தாள். அழுதுவிட்டேன். மேலே செல்வியின் சால்வை.

11, வியாழன்
லீவு. நாள் முழுக்க நெஞ்சிலேயே. செல்வி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் பாதம் வெதுவெதுப்பு.

12, வெள்ளி
காலையில் துணியில் சுற்றித் தனியே படுக்க வைத்தார்கள். சிஸ்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். நான் ஸ்கூலுக்கு. கவிதாவுக்குப் பதில்: பிறந்த உடனேயே முடியாது. கொஞ்ச நாள் யாராவது அணைத்து வைத்திருக்க வேண்டும். "அச்சா" என்று எழுதிக்கொண்டாள்.

சாயந்திரம் ஆஸ்பத்திரி. "சூடு எறங்கல்ல சார். அவளே பிடிச்சு நிக்கறா" என்றார் சிஸ்டர். பழைய சீட்டு கிழிந்துவிட்டதாம், புதுச் சீட்டோடு நின்றார். "பேர் வெச்சோ?"

பிள்ளை இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. அக்கா திட்டுவாள். செல்வியைப் பார்த்தேன், தலையாட்டினாள்.

பேனாவை வாங்கி நானே எழுதினேன். கோமதி.